ஜிப்சி முன் டிஃபரன்ஷியல்: பில்லில் 2 லிட்டர் புது ஆயில், ஹவுசிங்கில் பழைய ஆயில்

மலைப்பாதையிலும் ஆற்றுப் படுகையிலும் ஓடும் 1.3 லிட்டர் மாருதி ஜிப்சி ஒன்றுக்குக் கோவைப் பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப் போட்ட பில் இது. ‘முன், பின் டிஃபரன்ஷியல் ஆயில் மாற்றம், ஈபி 90, 2 லிட்டர்.’ ‘முன் ஆக்சில் இன்னர் ஆயில் சீல், இரண்டு பக்கம்.’ ‘பிரீதர் சுத்தம்.’ ‘லேபர்.’ சில வாரத்திலேயே வலது முன் சக்கரத்தின் உட்பக்கம் மறுபடி எண்ணெய் கசிந்தது. கழற்றிப் பார்த்தால், உருப்படியாக ஒரு வேலை நடந்திருக்கிறது என்றால் அது பில்லிலேயே இல்லாத வேலை. அதையும் குறுக்கு வழியில் செய்திருந்தார்கள்.

வண்டியைத் தூக்காமல், பில்லை மட்டும் வைத்தே பாதியைப் பிடித்திருக்கலாம். டிஃபரன்ஷியல் என்பது ஆக்சிலின் நடுவே இருந்து சக்தியை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கரப் பெட்டி. இந்த ஜிப்சியின் முன் டிஃபரன்ஷியல் 2 லிட்டர் குடிக்கும், பின்னது 1.5 லிட்டர். இரண்டும் சேர்ந்து மூன்றரை. கியர்பாக்ஸின் 1.3 லிட்டரும் சக்தியை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் 0.8 லிட்டரும் இதில் சேராது. 2 லிட்டரில் முன்னும் பின்னும் முடித்துவிட்டேன் என்றால், ஒன்று அரைகுறையாக இருக்கிறது, இல்லாவிட்டால் ஒன்றைத் தொடவே இல்லை. தொடாமல் விடப்படுவது பெரும்பாலும் முன்பக்கம்தான். சேறும் பெயின்டும் ஏறி பிளக் இறுகிக் கிடக்கும், ஃபோர் வீல் போட்டால்தானே அது வேலை செய்கிறது என்று வண்டிக்காரரும் கேட்கமாட்டார்.

இந்த வண்டியில் எண்ணெய் ஊற்றும் துளையை மூடும் முன் ஃபில்லர் பிளக்கைச் சுற்றி அண்டர்பாடி கருப்புப் பெயின்ட் ஒரு கீறல்கூட இல்லாமல் இருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் முனையில் பெயின்ட் உரிந்து இரும்பு மின்னியிருக்கும். கீழே எண்ணெய் வடிக்கும் டிரெயின் பிளக்கும் அப்படியே. திறந்தபோது வடிந்தது ஒன்றேகால் லிட்டர் சுமார், அதுவும் பால் காபி நிறத்தில். அந்த நிறத்துக்கு ஒரே அர்த்தம் தண்ணீர்.

தண்ணீர் எப்படிப் போகிறது என்பது தெரிந்தால் மூன்றாவது வரியின் பொய்யும் புரியும். ஓடும்போது ஹவுசிங் சூடாகி உள்ளே இருக்கும் காற்று விரியும். அது வெளியேறத்தான் ஆக்சில் மேல் பிரீதர். சூடான ஹவுசிங் ஓடைத் தண்ணீரில் சட்டென்று இறங்கும்போது காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். பிரீதர் சேற்றில் அடைத்திருந்தால் அந்த இழுப்பு ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உள்ளே கொண்டுவரும். ஓட்டத்தில் இதே அடைப்பு அழுத்தத்தை ஏற்றி, எண்ணெயை அதே சீல் வழியாக வெளியே தள்ளும். பிரீதர் அடைத்த வண்டிக்குப் புது சீல் போட்டுப் பயன் இல்லை. மூடியை விரலால் சுற்றினால் அசைய வேண்டும். இதில் மூடி சேற்றோடு ஒட்டிக் கல்லாகிவிட்டிருந்தது. கழற்றி டீசலில் ஊறவைத்து, காற்றடித்து, வாயால் ஊதிப் பார்க்க ஐந்து நிமிடம் ஆகும். தண்ணீரில் அடிக்கடி இறங்கும் வண்டி என்றால் மூடிக்குப் பதில் நிப்பிள் வைத்து, எண்ணெய் தாங்கும் ரப்பர் குழாயை என்ஜின் பே உயரத்துக்கு ஏற்றிக் கட்டிவிடுங்கள். ஸ்டியரிங் முழுக்க ஒடித்தாலும், சக்கரம் முழுக்கத் தொங்கினாலும் குழாய் இழுபடாத நீளம் வேண்டும்.

இப்போது சீல் விவகாரம். அதிகம் ஏமாற்றப்படுவது இங்கேதான், ஏனென்றால் இங்கே இரண்டு சீல் இருக்கிறது. ஆக்சில் குழாயின் முனையில், பந்து வடிவ முகத்துக்கு உள்ளே ஆழத்தில் உட்காருவது இன்னர் சீல். டிஃபரன்ஷியல் எண்ணெயை நிறுத்துவது அது. ஸ்டியரிங் ஒடிக்கும்போது சக்கரத்தோடு திரும்பும் பாகமான நக்கிளின் பின்பக்கம், பந்தின் மேல் உரசிக்கொண்டு வெளியே தெரிவது நக்கிள் சீல். தூசி உள்ளே போகாமலும் கிரீஸ் வெளியே வராமலும் பார்ப்பது மட்டுமே அதன் வேலை. எண்ணெயை அது நிறுத்தாது. இன்னர் சீல் போனால் எண்ணெய் நக்கிளுக்குள் இறங்கி, ஆக்சில் ஷாஃப்டின் முனையில் உள்ள ஜாயின்டின் கிரீஸைக் கரைத்துக் கூழாக்கி, நக்கிள் சீல் வழியாக வழியும். பார்க்கிறவருக்கு வெளி சீல்தான் போனதாகத் தோன்றும். விட்டால் பிரேக் டிஸ்க், பேட் வரை எண்ணெய் போய், பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

இன்னர் சீலுக்குச் சக்கரம், காலிப்பர், ஹப், ஸ்பிண்டில் எல்லாம் கழற்றி, ஆக்சில் ஷாஃப்டை ஜாயின்டோடு வெளியே உருவ வேண்டும். ஒரு பக்கத்துக்கே அரை நாள் வேலை. இவர்கள் செய்தது வேறு: புது நக்கிள் சீல் ஒன்றை வாங்கி, ஓர் இடத்தில் பிளேடால் வெட்டி, விரித்துப் பந்தின் மேல் மாட்டி, வெட்டிய வாயில் அனபாண்ட் பசை தடவிவிட்டார்கள். நக்கிளைக் கழற்றாமல் முழு வளையத்தை மாட்ட முடியாது என்பதால் இந்த வழி. வலது பக்கம் பின்தகட்டின் போல்ட்டுகளை எடுத்ததுமே வெட்டு கண்ணில் பட்டது. உள்ளே பழைய இன்னர் சீல், உதடு கல் மாதிரி இறுகி, அப்படியே இருந்தது.

ஒழுங்காகப் போடும் முறை: ஷாஃப்டில் சீல் உரசும் இடத்தை வேஸ்ட்டால் துடைத்து நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புது சீல் அதே இடத்தில் நிற்காது. இருக்கையில் இடம் இருந்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி உட்காரவைக்கலாம், இல்லையென்றால் ஷாஃப்ட் மாற்ற வேண்டும். சீலை அதன் வெளிவட்டத்துக்குச் சமமான பழைய பேரிங் வளையம் வைத்துத் தட்டுங்கள். சுத்தியல் நேராகப் பட்டால் கோணலாகிவிடும். உதட்டில் கிரீஸ் தடவாமல் ஷாஃப்டை நுழைக்காதீர்கள். நுழைக்கும்போது ஷாஃப்டின் எடை சீல் மேல் விழக்கூடாது. ஒருவர் வெளி முனையைத் தாங்கிப் பிடிக்க, ஸ்ப்ளைன் பற்கள் உதட்டைத் தொடாமல் நடுவாகத் தள்ள வேண்டும். புது சீல் முதல் நாளே ஒழுகுவது பெரும்பாலும் இந்த இடத்தில் நடந்த அவசரத்தால்தான். நக்கிளைக் கழற்ற நேர்ந்தால், அது திரும்பும் அச்சான கிங்பின்னின் ஷிம்களை (மெல்லிய தகடுகளை) மேல், கீழ் என்று தனித்தனிப் பையில் போடுங்கள். அவை இடம் மாறினால் கிங்பின் இறுக்கம் மாறி, வேகத்தில் ஸ்டியரிங் உதறும்.

இதோடு நில்லாமல், ‘முன் கிரௌன் கூவுது, கிரௌன் பினியன் செட் மாற்றணும்’ என்று ஒரு எஸ்டிமேட்டும் கையில் கொடுத்திருந்தார்கள். கிரௌன், பினியன் இரண்டும் டிஃபரன்ஷியலுக்குள் ஒன்றோடொன்று பொருந்தி ஓடும் பெரிய, சின்னப் பற்சக்கரங்கள். இந்த வண்டியில், முன் சக்கரத்தை ஆக்சில் ஷாஃப்டோடு இணைக்கவும் பிரிக்கவும் செய்யும் ஹப் லாக் உண்டு. ஹப் இரண்டையும் ஃப்ரீயில் வைத்து டூ வீலில் ஓட்டினால் சக்கரம் மட்டுமே சுற்றும். முன் ஆக்சில் ஷாஃப்டும் கிரௌனும் சும்மா நிற்கும். அப்போதும் அதே கூவல் வந்தால் அது முன் கிரௌன் ஆக வாய்ப்பில்லை. இதில் அப்போதும் வந்தது. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றியபோது இடது வீல் பேரிங் கரகரத்தது, அவ்வளவுதான். ஹப் லாக் இல்லாத வண்டியில் இந்தச் சோதனை செல்லாது.

கிரௌன் பினியன் உண்மையிலேயே போனாலும், பழைய இரும்புக் கடை செட்டைப் பற்களை எண்ணாமல் மாட்டவிடாதீர்கள். 37க்கு 9 என்றால் விகிதம் 4.11; 41க்கு 11 என்றால் 3.73. முன்னும் பின்னும் வேறு வேறு விகிதம் ஆனால் டூ வீலில் ஒன்றும் தெரியாது. ஃபோர் வீல் போட்டதும் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று முறுக்கி, டிரான்ஸ்ஃபர் கேஸிலோ ஜாயின்டிலோ உடைத்துக்கொண்டு வெளிவரும்.

ஆயில் மாற்றத்தை வீட்டிலேயே செய்யலாம், ஒர்க்‌ஷாப் தேவையே இல்லை. கொஞ்சம் ஓட்டி எண்ணெயைச் சூடாக்குங்கள். சமதளத்தில் நிறுத்திச் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். முதலில் ஃபில்லர் பிளக்கைத் திறக்க வேண்டும். அது திறந்த பிறகுதான் டிரெயின். முறை மாற்றி எல்லாவற்றையும் வடித்துவிட்டு, ஃபில்லர் வராமல் தலை உருண்டுபோனால், எண்ணெய் இல்லாத வண்டியோடு உட்கார்ந்திருக்க வேண்டும். இறுகிய பிளக்குக்கு முந்தின இரவே ஊடுருவும் எண்ணெய் அடித்து, சரியான அளவு சாக்கெட் போடுங்கள். பைப் ரெஞ்ச் வேண்டாம்.

வடிந்ததை அளவுக் குடுவையில் பிடியுங்கள். டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இருப்பது இயல்பு. விரலில் தேய்க்கும்போது துகள் குத்தினாலோ பல் துண்டு வந்தாலோ கிரௌனைத் திறக்க வேண்டியதுதான். பால் நிறமாக வந்தால் ஒரு தடவை நிரப்பியது போதாது. மலிவான அதே தர எண்ணெயை ஊற்றி, கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி வடித்துவிட்டு, நல்லதை ஊற்றுங்கள். ஜிஎல்-5, 80டபிள்யூ-90 ஹைபாய்டு எண்ணெய் வேண்டும். டப்பாவில் ‘கியர் ஆயில் 90’ என்று மட்டும் இருந்தால் தரக்குறி தேடுங்கள், ஜிஎல்-4 கிரௌன் பினியனுக்குப் போதாது. கைப்பம்பாலோ, மேலிருந்து புனல் வைத்த குழாயாலோ, ஃபில்லர் துளையின் கீழ் விளிம்பில் வழியும்வரை ஊற்றுங்கள். முன்பக்கத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டு மட்டம் பார்த்தால் அளவு தப்பும்.

வெளியில்தான் கொடுக்க வேண்டும் என்றால், விடும் முன் ஃபில்லர், டிரெயின் இரண்டிலும் பிளக்குக்கும் ஹவுசிங்குக்கும் குறுக்கே பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துப் படம் எடுங்கள். பழைய சீல், வடித்த எண்ணெய், புது டப்பா மூன்றும் திரும்ப வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுதவையுங்கள். வண்டி வந்ததும் ஃபில்லரைத் திறந்து மோந்து பாருங்கள். புது ஜிஎல்-5 தேன் நிறமாக, கந்தக நெடியோடு மூக்கில் ஏறும்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் வெட்டிய சீலையும் வடித்த எண்ணெயையும் காட்டிக் கேட்டபோது, ‘பையன் மறந்துட்டான், ஆயில் காசைக் கழிச்சுக்கலாம்’ என்றார்கள். சீல் பேச்சை எடுக்கவில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி இது சேவைக் குறைபாடு. முதலில் 1915 உதவி எண்ணில் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதென்றால் 2 ஆண்டுக்குள் போக வேண்டும், சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை. பில், ஜாப் கார்டு, கோடு போட்ட படம், வெட்டிய சீல் நான்கையும் பத்திரமாக வையுங்கள்.