அரவை மில்லின் பெயர்ப்பலகைக்கு எது பொருந்தும்: போஸ்டர் போடோனியா, கூப்பர் பிளாக்கா?

சுங்கை சிப்பூட்டில் மிளகாய், மல்லி அரைத்துக் கொடுக்கும் மில் ஒன்றின் பெயர்ப்பலகையை மாற்றும் வேலை சென்ற மாதம் என்னிடம் வந்தது. மில்லை நடத்தும் அக்கா, தமக்குப் பிடித்த இரண்டு மாதிரிகளைக் கைப்பேசியில் காட்டினார். இரண்டும் தடித்த அலங்கார எழுத்துகள். இரண்டுக்கும் செரிஃப் உண்டு, அதாவது கோடுகளின் முனையில் சிறு கால் இருக்கும். "தம்பி, ரெண்டில் எது எடுப்பாக இருக்கும்?" என்றார். எனக்கு உடனே பதில் வரவில்லை. ஒரு வாரம் இரண்டையும் அச்சடித்து வைத்துக்கொண்டு பார்த்தேன்.

முதலாவது போஸ்டர் போடோனி. இத்தாலியின் பார்மா நகரில் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெயர் பெற்ற ஜாம்பாட்டிஸ்டா போடோனியின் எழுத்துகளைத் தழுவி, லினோடைப் நிறுவனத்துக்காகச் சான்சி கிரிஃபித் 1929இல் வரைந்தது. இதில் தடித்த கோடு தூண்போல நிற்கும், மெல்லிய கோடு மயிரிழையாக ஓடும். கையில் பிடித்துப் பார்க்கும்போது அந்த ஏற்ற இறக்கம் கண்ணைக் கட்டிப்போடுகிறது. திருமண அழைப்பிதழுக்கோ பள்ளி ஆண்டு மலரின் அட்டைக்கோ என்றால் நான் யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.

இரண்டாவது கூப்பர் பிளாக். சிகாகோவில் ஆஸ்வால்ட் கூப்பர் வரைந்து, பார்ன்ஹார்ட் பிரதர்ஸ் அண்ட் ஸ்பிண்ட்லர் என்ற அச்செழுத்து வார்ப்பகம் 1922இல் வெளியிட்டது. ஈசிஜெட் விமானங்களில் நிறுவனத்தின் பெயரைப் பார்த்தவர்களுக்கு இந்த முகம் பழக்கமானது. இதன் கால்கள் உருண்டு திரண்டவை. அடிப்பகுதி தட்டையாக இல்லாமல் லேசாக வளைந்திருக்கும். ஆங்கில 'ஓ' (O) எழுத்தின் உள்துளை சற்றுச் சாய்ந்திருக்கும், சிறிய 'ஐ'யின் (i) தலைப்புள்ளி முட்டை வடிவில் இருக்கும். பிசைந்த மாவில் பிடித்ததுபோல் எங்கும் கூர்மையே கிடையாது.

அழகை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்வதானால் நான் போடோனி பக்கம்தான் சாய்ந்திருப்பேன். ஆனால் பலகை மாட்டப்போவது ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே ஓடும் பழைய சாலையோரத்தில், ஐந்தடிக்கு மேலே. செம்பனைக் குலை ஏற்றிய லாரியும், மோட்டார்சைக்கிளில் தோட்டத்திலிருந்து வருகிறவர்களும் கடந்து போகும் இடம். இரண்டு மாதிரிகளையும் பலகையின் உண்மையான அளவிலேயே அச்சடித்து, மில்லின் முகப்பில் ஒட்டிவிட்டு, மழை தூறிய ஒரு மாலையில் சாலைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

மலாயில் 'கிலாங் ரெம்பா' (Kilang Rempah), அதாவது மசாலை மில், என்று எழுத வேண்டும். 'கிலாங்' என்பதில் ஓர் 'என்' (N) இருக்கிறது. போடோனியின் பெரிய 'என்'னில் நேராக நிற்கும் கோடுகள் இரண்டும் மயிரிழை. குறுக்கே சாயும் கோடு மட்டும்தான் தூண். எதிர்ப்புறத்திலிருந்து பார்த்தபோது அந்தச் சாய்ந்த தூண் மட்டுமே தெரிந்தது. 'ஏ'யின் (A) இடப்பக்கமும் அப்படியே காணாமல் போயிருந்தது. கூப்பரில் எழுத்துகளின் உள்துளை சிறியதுதான், என்றாலும் மழைத்திரைக்குப் பின்னாலும் ஒவ்வோர் எழுத்தும் தன் உருவத்தோடு நின்றது.

பட்டறையில் இன்னொரு தொல்லையும் உண்டு. இயந்திரம் ஸ்டிக்கரை வெட்டிய பிறகு, வேண்டாத பகுதியை ஊசி முனையால் கிளப்பி உரிக்க வேண்டும். மயிரிழைக் கோடு அதோடு சேர்ந்து எழுந்து வந்துவிடும். பொறுமையாக ஒட்டினாலும், நம் ஊர் வெயிலும் மழையும் முதலில் பிடித்து உரிப்பது அந்த மெல்லிய கோடுகளைத்தான். உள்ளே விளக்கு எரியும் பலகையானால் வெளிச்சமே அவற்றைத் தின்றுவிடும்.

கவுடி ஹெவிஃபேஸ் என்ற எழுத்துருவையும் எடுத்துப் பார்த்தேன். கூப்பர் பிளாக்குக்குப் போட்டியாக மோனோடைப் நிறுவனத்துக்காக ஃபிரெடரிக் கவுடி 1925இல் வரைந்தது அது. கூப்பருக்குச் சிகாகோவில் எழுத்துக்கலை சொல்லிக்கொடுத்தவரும் அதே கவுடிதான். ஆனால் கூப்பரில் உள்ள குழைவு இதில் எனக்குக் கிடைக்கவில்லை.

தமிழ் வரிக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. பெயர்ப்பலகையில் மலாய் முதன்மையாக இருக்க வேண்டும் என்பது இங்குள்ள விதி. எனவே தமிழ் சற்றுச் சிறிதாகத்தான் அமையும். போடோனியோடு சேர்க்க நோட்டோ செரிஃப் தமிழ் எழுத்துருவின் ஆகத் தடித்த வடிவத்தை வைத்துப் பார்த்தேன். 'மசாலை' என்ற சொல்லில் ஐகாரக் கொம்பின் இரண்டு சுழிகளும் சிறிய அளவில் மை அடைத்துப் போயின. சுழி அடைபட்டால் தமிழ் எழுத்துக்கு மூச்சே போய்விடுகிறது. அதை நம் கடைத்தெருப் பலகைகளில் காணும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கும். கூப்பருக்குப் பக்கத்தில் மும்பை எக் டைப் குழுவின் பலூ தம்பி என்ற தமிழ் எழுத்துருவை வைத்தேன். அதற்குக் கால் கிடையாது, ஆனால் முனைகள் கூப்பரைப் போலவே உருண்டவை. கோட்டின் பருமனும் ஏறக்குறைய ஒரே சீராகப் போகிறது. ஆகத் தடித்ததை விட்டு ஒரு படி மெலிந்ததை எடுத்ததும் சுழிகள் திறந்துகொண்டன. இரண்டு வரிகளும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்போல் தெரிந்தன.

சாலைக்கு அந்தப் பக்கம் அக்காவையும் கூட்டிப்போய் நிறுத்தினேன். கைப்பேசியில் அவருக்கு முதலில் பிடித்திருந்தது போடோனிதான். கொஞ்ச நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "தமிழ் படிக்க முடிகிறதே, அதையே போடு தம்பி" என்றார். கூப்பருக்கும் பலூ தம்பிக்கும் கோப்பு தயார் செய்துவிட்டேன். மிளகாய்ச் சிவப்பு கேட்டார். வெயிலில் சீக்கிரம் வெளுப்பது சிவப்புதான் என்பதால், மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்துக்கு ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன்.