ஜப்பான் ஸ்குரூ டிரைவர் என்று 11,500 ரூபாய் கொடுத்தேன் – பழைய ஹொண்டா வைத்திருப்பவர்கள் கவனம்

கையில் ஒயில் மணம் இன்னும் போகவில்லை. ஆறுதலாக இருந்து எழுதினால் கோபம் அடங்கி, "சரி விடு" என்று நானே விட்டுவிடுவேன். அதனால் இப்போதே எழுதுகிறேன். ஜப்பான் வாகனங்களின் ஸ்ரார் ஸ்குரூவுக்கு, அதாவது தலையில் கூட்டல் குறி மாதிரிப் பள்ளம் உள்ள ஸ்குரூவுக்கு, சரியான டிரைவரை எப்படிப் பார்த்து வாங்குவது என்று கடைசியில் சொல்கிறேன். முதலில் என் 11,500 ரூபாய் போன கதை.

வீட்டில் அப்பாவின் எம்.டி. 90 நிற்கிறது. யாழ்ப்பாணத்தவருக்கு அதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. ஜப்பானில் தபால்காரர்களுக்கென்று ஹொண்டா செய்த சிவப்பு மோட்டார் சைக்கிள், இங்கே வந்து பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடியது. அப்பா அதன் திறப்பை என் கையில் தந்தபோது எனக்கு வயது நாற்பது. அதையும் "கவனமாக வைத்திரு" என்று சொல்லித்தான் தந்தார்.

போன மாதம் வலப்பக்கக் கிளச் கவரின் பாக்கிங்கால் ஒயில் கசியத் தொடங்கியது. காலையில் பார்த்தால் முற்றத்துச் சீமெந்தில் ஒரு குத்திக் காசளவு கறை. நானே கழற்றிப் பாக்கிங்கை மாற்றுவோம் என்று இறங்கினேன். அந்தக் கவரைப் பிடித்திருப்பவை ஸ்ரார் ஸ்குரூக்கள். பல வருடங்களாக யாரும் தொடாதவை.

நாங்கள் ஸ்ரார் என்று ஒரே பெயரில் கூப்பிடுவது ஒரே சாமான் இல்லை. அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்துப் பிலிப்ஸ் என்பவர் 1936 இல் காப்புரிமை பெற்றது ஒன்று. ஜப்பான்காரர் தங்கள் தரநிலைப்படி செய்தது இன்னொன்று, அதை ஜேஐஎஸ் என்பார்கள். பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி. ஆனால் பிலிப்ஸ் டிரைவரின் நுனி கூர், ஜேஐஎஸ் நுனி கொஞ்சம் மொட்டை. பிலிப்ஸை ஜப்பான் ஸ்குரூவில் வைத்தால், நாலு இறக்கையும் பள்ளத்தின் சுவரில் பதிய முன்னரே நுனி அடியில் போய் முட்டிவிடும். பிறகு என்னதான் அமத்திப் பிடித்தாலும் திருகும்போது மேலே ஏறி வழுக்கும். வழுக்கும் ஒவ்வொரு முறையும் பள்ளத்தின் விளிம்பைக் கொஞ்சம் வழித்துக்கொண்டு வரும். மறுவளமாக, ஜேஐஎஸ் டிரைவரைப் பிலிப்ஸ் ஸ்குரூவில் பாவித்தால் பெரும்பாலும் பிடித்துவிடும்.

இதெல்லாம் எனக்கு முதலே தெரியும். அதுதான் எரிச்சல்.

டவுனில் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகமும் கராஜ் சாமானும் விற்கிற ஒரு பழைய கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். போகும்போது சட்டைப் பையில் ஒரு ஸ்குரூவையும் பேப்பரில் சுற்றிக்கொண்டு போனேன். கவரில் ஒன்று முன்னரே தளர்ந்திருந்ததால் அதைக் கையாலேயே எடுக்க முடிந்தது. மண்ணெண்ணெயில் பிரஷ் போட்டுத் தேய்த்ததும் தலையில் ஊசியால் குத்தியது போல ஒரு சின்னப் புள்ளி தெரிந்தது. அது ஜேஐஎஸ் அடையாளம். எல்லா ஸ்குரூவிலும் இருக்காது, இதில் இருந்தது.

"ஜேஐஎஸ் டிரைவர் இருக்கா அண்ணை? ஜப்பான் சாமான்?"

"இருக்கு. நீர் எந்த இடம்?"

"கோண்டாவில்."

"கோண்டாவிலில ஆற்றை மகன்?"

அப்பாவின் பெயரைச் சொன்னேன். மனிசன் கதிரையை விட்டே எழும்பிவிட்டார். "அட, மாஸ்டரின்ரை மகனோ! அவரிட்டைத்தானே நான் கணக்குப் படிச்சனான்." கடைப் பெடியனைப் பிளேன் ரீ வாங்க அனுப்பினார். அப்பாவின் சுகம், முழங்கால் நோ, அம்மா செத்த வருடம் எல்லாம் விசாரித்தார். ரீ வந்தது. அதோடு ஒரு பிளாஸ்ரிக் பெட்டியும் வந்தது. மூன்று டிரைவர்கள், பெட்டியில் ஜப்பான் எழுத்து ஸ்ரிக்கர். "பதின்மூவாயிரம் போகுது. மாஸ்டருக்காகப் பதினொண்டு ஐந்நூறு போடுறன்."

என் கை சட்டைப் பைக்குள் போய் அந்த ஸ்குரூவைத் தொட்டது. எடுத்து, டிரைவரை வைத்துப் பார்த்திருந்தால் அரை நிமிட வேலை. எடுக்கவில்லை. அப்பாவிடம் படித்தவர், ரீ வாங்கித் தந்தவர், அவருக்கு முன்னால் சாமானைச் சோதிப்பது மரியாதையில்லை என்று நினைத்தேன். 11,500 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு, "அப்பாவிட்டைச் சொல்லுறன் அண்ணை" என்று வேறு சொல்லிவிட்டு வந்தேன். சொன்னேன். அப்பாவும் சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒயிலை வடித்து, கிக்கரைக் கழற்றிவிட்டுக் கவரில் கை வைத்தேன். மூன்று ஸ்குரூ முக்கி முனகி வந்தன. நாலாவதில் முழுப் பாரத்தையும் போட்டு அமத்தித் திருகினேன். கிறீச் என்று ஒரு சத்தம். டிரைவர் வெளியே பாய்ந்து என் விரல் கவரில் அடிபட்டது. குனிந்து பார்த்தால் ஸ்குரூவின் தலையில் வெள்ளித் தூள், நாலு மூலையில் இரண்டு வட்டமாகிவிட்டது. டிரைவரைப் பார்த்தால் அதன் இறக்கையும் ஒரு பக்கம் மடிந்திருந்தது. அப்போதுதான் நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கூர். நல்ல கூர்.

இனி அலைக்கழிவு. திங்கள் காலை போனேன். "பாவிச்ச சாமானைத் திருப்பி எடுக்கேலாது தம்பி. ஸ்ரார் எண்டால் ஸ்ரார்தான், உமக்குக் கைப்பிடி சரியில்லை." இந்த முறை கதிரையை விட்டு எழும்பவில்லை, ரீயும் இல்லை. புதன்கிழமை போனேன். "மகன்தான் சாமான் எடுக்கிறவர், கொழும்புக்குப் போட்டார், வெள்ளிக்கிழமை வாங்கோ." வெள்ளிக்கிழமை கடைப் பெடியன் வாசலிலேயே மறித்து, "முதலாளி சாப்பிடப் போட்டார்" என்றான். முதலாளியின் ஸ்கூட்டர் வாசலில் நின்றது, உள்ளே அவர் போனில் கதைக்கிற சத்தமும் கேட்டது. அடுத்த கிழமை போன் எடுத்தேன், எடுக்கவில்லை. கடைசியாகப் போனபோது, "சரி, மாஸ்டருக்காக இரண்டாயிரத்துக்கு ஒயில் ஏதும் எடுத்துக்கொண்டு போம்" என்றார். 11,500 கொடுத்தவனுக்கு இரண்டாயிரத்துக்கு ஒயில். அப்பாவிடம் கணக்கு நன்றாகத்தான் படித்திருக்கிறார்.

பாவனையாளர் அதிகாரசபையின் 1977 என்ற போன் இலக்கத்துக்கு அடித்து முறையிடு என்றான் ஒரு நண்பன். அடிக்க முன் பில்லை எடுத்துப் பார்த்தேன். "ஸ்குரூ டிரைவர் செட் – 1". அவ்வளவுதான். ஜப்பானும் இல்லை, ஜேஐஎஸ்ஸும் இல்லை. செட்டுக்கு விலை போட்டுச் செட்டைத் தந்திருக்கிறார். நான் என்னவென்று முறையிட?

சைக்கிளை உருட்டிக்கொண்டு எங்கள் பக்கத்துக் கராஜ் ஐயாவிடம் போனேன். நான் கொண்டுபோன டிரைவரைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. தன்னுடைய கறுத்துப்போன பழைய டிரைவர் ஒன்றை எடுத்து, பழுதாகாத ஒரு ஸ்குரூவில் வைத்து அமத்திவிட்டுக் கையை எடுத்தார். அது அப்படியே படுக்கையாக நின்றது. ஆடவில்லை, விழவில்லை. "இப்ப உம்மடையை வையும்" என்றார். வைத்துக் கையை எடுத்த உடனே தலை தொங்கி, கீழே விழுந்தது. வேறு ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு இம்பாக்ட் டிரைவரைப் பிடித்துச் சுத்தியலால் நாலு அடி. அடிக்கும்போது அது உள்ளே அமத்திக்கொண்டே கொஞ்சம் திருகிக் கொடுக்கும். மிச்சமெல்லாம் வந்துவிட்டன. நான் கெடுத்ததை மட்டும் தலையைத் துளைத்து எடுக்க வேண்டியிருந்தது. பாக்கிங்கும் கூலியும் சேர்த்து 3,500. ஆக மொத்தம் 15,000 ரூபாய். ஒரு கசிவுக்கு.

சரி, எப்படிப் பார்த்து வாங்குவது என்று சொல்வதாக எழுதியிருந்தேன். விரிவாக எழுத இப்போது மனமில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். கடைக்கு ஸ்குரூவைக் கொண்டு போங்கள், கொண்டு போனால் பையை விட்டு வெளியே எடுங்கள். வைத்துப் பார்த்து ஆடினால் வாங்காதீர்கள், விற்பவர் யாராக இருந்தாலும். 6 மில்லிமீற்றர் ஸ்குரூவுக்கு மூன்றாம் நம்பர் டிரைவர், காபரேற்றர் கிண்ணம் மாதிரிச் சின்னதுகளுக்கு இரண்டாம் நம்பர். இரண்டாம் நம்பரால் பெரியதைக் கழற்றப் போகாதீர்கள், அதுவும் இதே கதியில்தான் முடியும். வெசல், ஹோசான், அனெக்ஸ் எல்லாம் ஜப்பானில் டிரைவர் செய்கிற கொம்பனிகள். ஆனால் பெட்டியில் உள்ள பெயரை நம்பாமல் நுனியைப் பாருங்கள். இறுகிய ஸ்குரூவை முதலில் சுத்தியலால் தட்டிவிட்டுத் திருகுங்கள். பில்லில் "ஜேஐஎஸ்" என்று எழுதச் சொல்லுங்கள், எழுதப் பின்னடித்தால் அங்கேயே விளங்கிவிடும்.

அப்பாவுக்கு இன்னும் சொல்லவில்லை. சொன்னால் தானே கடைக்குப் போவேன் என்று நிற்பார், முழங்கால் நோவோடு. நாளைக்கு முதலாளியின் மகன் கடையில் நிற்பாராம், இந்த முறை அதைச் சொன்னது கடைப் பெடியன். பில்லையும் அந்த ஸ்குரூவையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.