கார் ஏசி புளோயர் பழுது: 18,500 ரூபாயைப் பறிகொடுத்தேன், நீங்களும் ஏமாறாதீர்கள்

கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று வீட்டில் சொன்னார்கள். தணிகிற வழியாகத் தெரியவில்லை. டெல்டா பக்கம் கார் வைத்திருக்கிறவர்கள், அதிலும் தனியாகப் பட்டறைக்கு வண்டியைக் கொண்டு போகிற பெண்கள், இதைப் படியுங்கள். கார் ஏசி மட்டும் பார்க்கும் ஒரு தனியார் கடை. ஊர், பெயர் எழுதவில்லை. தஞ்சாவூருக்கும் திருவாரூருக்கும் இடையில் இப்படிப்பட்ட கடைகள் நிறைய இருக்கின்றன.

என் வண்டி பழைய சிறிய கார். ஏசி விசிறியின் (அதைத்தான் புளோயர் என்கிறார்கள்) குமிழை 1, 2, 3 என்று எதில் வைத்தாலும் காற்று வரவில்லை. 4இல் வைத்தால் மட்டும் முழு வேகத்தில் அடித்தது, குளிர்ச்சியும் நன்றாகவே இருந்தது. அம்மாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. அவ்வளவு வேகமாக முகத்தில் காற்று அடித்தால் இருமல் வந்துவிடும். அவரைத் தஞ்சாவூருக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும், ஐப்பசி மழையும் தொடங்கிவிட்டது. நீடாமங்கலம் பக்கம் ஆற்றங்கரைச் சாலையில் மழையில் ஓட்டியவர்களுக்குத் தெரியும்: முன் கண்ணாடியில் உள்பக்கம் ஆவி படிந்தால் எதிரே வருவது பஸ்ஸா டிராக்டரா என்று தெரியாது, ஒரு பக்கம் ஆறு. ஏசியின் உலர்ந்த காற்று கண்ணாடியில் பட்டால்தான் அது விலகும். அதனால் தள்ளிப்போடாமல் போனேன்.

கடை உரிமையாளர் எங்களை நடத்திய விதத்தை இப்போது நினைத்தாலும் உடம்பு எரிகிறது. அம்மாவுக்கு நாற்காலி போட்டார், டீ வாங்கி வரச் சொன்னார். எந்த ஊர் என்று கேட்டார். சொன்னதும், "எங்கள் அத்தையைக் கட்டிக்கொடுத்தது உங்கள் ஊர்ப் பக்கம்தான். உங்களிடம் போய்க் கூடுதலாக வாங்குவேனா அக்கா?" என்றார். அம்மா முகம் மலர்ந்துவிட்டது. எந்தத் தெரு, யார் வீடு என்று பேச்சு வளர்ந்தது. சொந்தம் போலப் பேசுகிற மனிதரிடம் அம்மா வயதில் இருக்கிறவர் வேறு எப்படி நடந்துகொள்வார்? அந்தப் பேச்சுக்கு நடுவில்தான் பையன் ஒருவன் எண்ணெய்க் கறை படிந்த ஒரு காயிலை, அதாவது ஏசியில் காற்றைக் குளிர வைக்கும் பாகத்தை, கொண்டுவந்து காட்டினான். "இதோ பாருங்கள், கூலிங் காயில் ஓட்டையாகி கேஸ் முழுவதும் போய்விட்டது. காற்று இழுக்காமல் புளோயர் மோட்டாரும் எரிந்துவிட்டது. டாஷ்போர்டை முழுவதும் கழற்ற வேண்டும்."

கூலிங் காயில் 7,500. புளோயர் மோட்டார் 5,200. கேஸ் 2,000. கூலி 3,800. மொத்தம் 18,500 ரூபாய். ஒரு துண்டுச் சீட்டில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டால் இன்னும் கூடும் அக்கா, நம்மவர்களுக்குள் எதற்கு?" என்றார். வண்டியைத் திருப்பித் தந்த அன்று நான்கு வேகத்திலும் காற்று வந்தது. 18,500 ரூபாயையும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

சில நாளில் வண்டிக்குள் பிளாஸ்டிக் கருகும் வாடை. அடுத்து, மழையில் அம்மாவை ஏற்றிக்கொண்டு வரும்போது புளோயர் அடியோடு நின்றது. ஒரு வேகத்திலும் காற்று இல்லை. முன் கண்ணாடியை ஆவி மூடிக்கொண்டது. ஜன்னலை இறக்கி, நனைந்துகொண்டே ஓரமாக வந்து சேர்ந்தோம். அன்று இரவு முழுவதும் அம்மாவுக்கு இழுப்பு.

கடைக்குப் போன் செய்தால், "நாளைக்குக் கொண்டு வாருங்கள் அக்கா." போனால், உரிமையாளர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்று பையன் சொல்கிறான். மறுபடி போனால், "எலி கடித்திருக்கும், வயல் பக்கம் நிறுத்துகிறீர்கள் அல்லவா?" வண்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அதற்கும் பிறகு, மின்சாரப் பொருளுக்கு வாரண்டி கிடையாது என்றார். மாற்றிய பழைய மோட்டாரைக் கொடுங்கள் என்று கேட்டேன். பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டாராம். கடைசியாக ஒன்று சொன்னார்: "வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் வந்து பேசச் சொல்லுங்கள்." பணம் வாங்கும்போது அக்கா, கேள்வி கேட்டால் ஆண்களை வரச் சொல்ல வேண்டும். அதோடு என் எண்ணையும் தடை செய்துவிட்டார்.

திருவாரூரில் வயதான ஒரு கார் எலக்ட்ரீஷியன் வண்டியைப் பார்த்தார். அவர் முதலில் கேட்ட கேள்வி: "ஆரம்பத்தில் 4இல் மட்டும் காற்று வந்ததா?" ஆமாம் என்றேன். "அப்படியானால் அது ரெசிஸ்டர் அம்மா. மோட்டாரும் இல்லை, கேஸும் இல்லை" என்றார். குமிழ் வைத்த சாதாரண ஏசியில் 1, 2, 3 ஆகிய வேகங்களுக்கு மின்சாரம் ரெசிஸ்டர் வழியாகப் போகும். அதுதான் மின்னோட்டத்தைக் குறைத்து வேகத்தைக் குறைக்கிறது. 4இல் ரெசிஸ்டரைத் தொடாமல் நேராக மோட்டாருக்குப் போகும். ரெசிஸ்டர் போனால் கடைசி வேகம் மட்டும் மிஞ்சும். 4இல் காற்று வந்தது என்றாலே மோட்டார் உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். அந்தக் காற்று குளிர்ந்து வந்தது என்றால் கேஸ் எங்கும் போய்விடவில்லை.

இன்னொன்றும் சொன்னார். நம் பக்கம் யாரும் ஹீட்டரைத் தொடுவதில்லை. ஆனால் ஹீட்டருக்கும் ஏசிக்கும் ஒரே புளோயர்தான். ஹீட்டரில் எஞ்சினின் சுடுதண்ணீர் ஒரு சிறிய ரேடியேட்டர் வழியாக ஓடுகிறது, அதற்கும் கேஸுக்கும் சம்பந்தமே இல்லை. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டர் பக்கம் திருப்பினாலும் 1, 2, 3இல் காற்று வரவில்லையென்றால், "கேஸ் போய்விட்டது" என்று சொல்கிறவர் பொய் சொல்கிறார்.

பிறகு இடது பக்க குளோவ் பாக்ஸைக் கழற்றினார். டாஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டிய வேலையே அங்கு இல்லை. காற்றை வடிகட்டும் ஃபில்டரை உருவி டார்ச் அடித்துக் காட்டினார். உள்ளே இருப்பது பழைய காயில்தான், அதன் தகடுகளுக்கு நடுவில் ஆண்டுக்கணக்கான அழுக்கு. மோட்டாரை வெளியே எடுத்தார். விசிறிக் கூண்டு முழுவதும் வைக்கோல் தூசியும் உமியும் கெட்டியாக ஒட்டிக் கிடந்தது. அறுவடைக் காலத்தில் சாலையிலேயே நெல்லைக் காய வைக்கிற ஊரில் ஓடிய வண்டி, அதனால் அதில் வியப்பில்லை. ஆனால் 5,200 ரூபாய்க்குப் போட்ட புது மோட்டாரில் இத்தனை வருட உமி எப்படி வரும்?

கடைசியாக எடுத்த ரெசிஸ்டரைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்துகொள்ள அதில் ஒரு சிறிய வெப்ப ஃபியூஸ் இருக்கிறது. அது அறுந்திருந்தது. அந்த இடத்தில் ஒரு செம்புக் கம்பியை வைத்துச் சால்டர் செய்திருந்தார்கள். அடைத்துக்கொண்ட மோட்டார் கூடுதல் மின்சாரத்தை இழுக்க, அறுந்து காப்பாற்ற ஃபியூஸ் இல்லாமல், ரெசிஸ்டரை மாட்டும் சாக்கெட் உருகிக் கருகியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் தீப்பிடித்திருக்கும் என்றார் அவர். என் அம்மா உட்காரும் இருக்கைக்கு நேர் எதிரே.

இப்போது யோசித்துப் பாருங்கள். கம்பி வைத்தது ரெசிஸ்டரில். அப்படியானால் பழுது எங்கே என்று கடைக்காரருக்கு முதல் நாளே துல்லியமாகத் தெரியும். தெரிந்துகொண்டே காயில் என்றார், மோட்டார் என்றார், அத்தை ஊர் என்றார். புது ரெசிஸ்டர் 650, சாக்கெட் 200, சுத்தம் செய்து மாட்டக் கூலி 600. எல்லாம் சேர்த்து 1,450 ரூபாயில் முடிந்த வேலைக்கு 18,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, வண்டிக்குள் தீயையும் வைத்து அனுப்பினார்.

விரிவாக எழுதப் பொறுமை இல்லை. சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

கடைசி வேகத்தில் மட்டும் காற்று வந்தால் முதலில் ரெசிஸ்டரைப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த வேகத்திலும் வராவிட்டால் ஃபியூஸ், ரிலே (மின்சாரத்தை இணைத்துவிடும் சுவிட்ச்), சாக்கெட், அதற்குப் பிறகுதான் மோட்டார். ரெசிஸ்டரை மாற்றும்போது ஃபில்டரையும் விசிறியையும் சுத்தம் செய்யாவிட்டால் புதியதும் எரியும்.

மாற்றுகிற பொருளைப் பழையது புதியது இரண்டையும் உங்கள் வண்டிக்கு முன்னால் நின்று பாருங்கள், படம் எடுங்கள். வேறு எங்கிருந்தோ கொண்டுவந்து காட்டும் காயிலை நம்பாதீர்கள்.

பில் இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டேன். அந்தத் துண்டுச் சீட்டு, உருகிய சாக்கெட், கம்பி வைத்த ரெசிஸ்டர் மூன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. 18,500 ரூபாயைத் திருப்பித் தராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள வழக்குக்குக் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும்.

அண்மையில் இதுபோன்ற கடையில் புளோயர் வேலை செய்துகொண்டவர்கள், கருகும் வாடை வந்தால் விசிறியை உடனே நிறுத்திவிட்டு, வேறு ஒருவரிடம் ரெசிஸ்டரைக் கழற்றச் சொல்லிக் கம்பி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.