காட்பாடி நிலையத்திலிருந்து மருத்துவமனை வரை: ஒரு செயலி டாக்சி சேவையின் மதிப்புரை

காட்பாடி சந்திப்பில் விடியற்காலையில் வந்து நிற்கும் வடநாட்டு ரயில்களிலிருந்து இறங்குவோரில் பலருடைய கையில் பெட்டி படுக்கையோடு ஒரு மருத்துவக் கோப்பும் இருக்கும். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், பீகார், அசாம், திரிபுரா எனப் பல இடங்களிலிருந்தும், எல்லை கடந்து வங்கதேசத்திலிருந்தும், ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிவைத்த மருத்துவப் பணியின் தொடர்ச்சியான வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை (சி.எம்.சி.) நம்பி வருகிறவர்கள் இவர்கள். நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு ஏறத்தாழ ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும். அந்தத் தூரத்துக்குக் கார் அனுப்பும் ஒரு செயலி டாக்சி சேவையை நெடுநாளாகப் பயன்படுத்திவரும் உள்ளூர்க்காரன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். நான் சொல்லப்போகும் குறை கட்டணத்தைக் கணக்கிடும் முறையிலேயே இருப்பதால், அதே முறையைக் கையாளும் எந்த நிறுவனத்துக்கும் அது பொருந்தும்.

நிறைகளை மறைப்பது நியாயமாகாது. விடிவதற்கு முன்பே பதிவு செய்தாலும் வண்டி கிடைக்கிறது. கார்கள் பொதுவாகத் துப்புரவாக இருக்கின்றன. பெட்டிகளைத் தாமே தூக்கிவைக்கும் ஓட்டுநர்களும், நடக்க முடியாதவருக்காக நிலைய வாசலை ஒட்டி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தும் ஓட்டுநர்களும் இதில் இருக்கிறார்கள். நான் தனியாக ஏறி, தமிழில் இரண்டு வார்த்தை பேசி, முன்இருக்கையில் அமர்ந்த பயணங்களில் வண்டி ஒருமுறைகூட வழி மாறியதில்லை. வெளியூர் விருந்தினர்களை அழைத்துவரும்போதுதான் நிலைமை வேறாகிறது.

வழி எளிமையானது. நிலையத்தைவிட்டு வெளியே வந்து, சில்க் மில், விருதம்பட்டு வழியாகப் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் கிரீன் சர்க்கிள் என்ற சாலைச் சந்திப்பு. அதை நேராகக் கடந்து, பழைய பேருந்து நிலையத்தின் பக்கம் வந்து ஆற்காடு சாலையில் திரும்பினால் மருத்துவமனை வந்துவிடும். சுற்றுவழி என்பது, கிரீன் சர்க்கிளில் நேரே போகாமல் இடப்புறம் சென்னை நோக்கித் திரும்பி, தேசிய நெடுஞ்சாலையின் ஓரமாகச் சத்துவாச்சாரி வரை ஓட்டிக்கொண்டு போய், அங்கிருந்து ஆற்காடு சாலையைப் பிடித்துக் காகிதப்பட்டறை வழியாக மேற்கே திரும்பி வருவது. மருத்துவமனையின் வாசலுக்கு மறுபக்கத்திலிருந்து வந்து சேர்வதால், ஊர் அறியாதவருக்கு இதில் எந்த ஐயமும் எழ வாய்ப்பில்லை. நான்கைந்து கிலோமீட்டர் கூடுதலாகும் என்பதை வேலூரில் வளர்ந்த சிறு பிள்ளையும் சொல்லும்.

அண்மையில் என் உடன் பணியாற்றும் வங்காளி நண்பர் ஒருவரின் பெற்றோர் சிகிச்சைக்காக வந்தபோது, அவர்களை அழைத்துவரக் காட்பாடிக்குச் சென்றிருந்தேன். மணி காலை ஆறரை. பெரியவருக்கு முழங்கால் மடக்க முடியாத நிலை. அவரை முன்இருக்கையில் காலை நீட்டியவாறு அமரவைத்துவிட்டு, நானும் அம்மையாரும் பின்னால் உட்கார்ந்தோம். பதிவு எண்ணை அவருடைய கைப்பேசியிலிருந்து காட்டினோம். வழியெல்லாம் நான் அவர்களோடு இந்தியில்தான் பேசிக்கொண்டுவந்தேன். கிரீன் சர்க்கிள் வந்ததும் கார் இடப்புறம் திரும்பியது.

"அண்ணா, நேராத்தானே போகணும்? ஏன் இந்தப் பக்கம் திருப்புறீங்க?" என்று தமிழில் கேட்டேன்.

ஓட்டுநர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். "சார், நீங்க நம்ம ஊரா? பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரே ஜாம் சார், அதான் சுத்திப் போயிடலாம்னு."

அந்த நேரத்தில் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றிக் கடைகளின் ஷட்டர்கூட ஏறியிருக்காது. நடுவில் திரும்ப இடம் பார்த்து நிற்பதற்குள் சத்துவாச்சாரியே வந்துவிட்டதால், முழுச் சுற்றையும் சுற்றித்தான் வந்தோம். பதிவு செய்தபோது திரையில் காட்டிய தொகை 230 ரூபாய். பாபு ராவ் தெருவுக்கு அருகில் இறங்கியபோது 318 ரூபாய் ஆகியிருந்தது. பெரியவர் மறுபேச்சில்லாமல் பணத்தை எடுத்து நீட்டினார். வேற்றூரில் கால் வைத்த முதல் அரைமணி நேரத்தில் ஒரு நோயாளி பணத்துக்காக வாதாட மாட்டார் என்பதை அந்த ஓட்டுநர் நன்றாக அறிந்திருந்தார். என்னை மிகவும் வருத்தியது அதுதான்.

சுற்றிப் போகும் ஒவ்வோர் ஓட்டுநரையும் ஏமாற்றுக்காரர் என்று சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மாலை வேளையில் கிரீன் சர்க்கிளில் சிக்கிக்கொண்டவர்களுக்குத் தெரியும், சில சமயம் சுற்றிப் போவதே விரைவு. சேருமிடத்திலும் உண்மையான குழப்பம் நேரலாம். சி.எம்.சி. என்று தட்டச்சு செய்தால் நகரத்து மருத்துவமனையைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் பாகாயத்தில் கல்லூரி வளாகம் இருக்கிறது, ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது, 2022-இல் திறக்கப்பட்ட இராணிப்பேட்டை வளாகம் நெடுஞ்சாலை வழியே கிழக்கே தள்ளி இருக்கிறது. எந்த வளாகத்தில் முன்பதிவு என்பதை நோயாளியின் தாளைப் பார்த்து உறுதிசெய்யாமல் வண்டியை எடுத்தால், யாருடைய தீய எண்ணமும் இல்லாமலேயே ஒருவர் தவறான இடத்தில் போய் இறங்க நேரிடும். நேர்மையான ஓட்டுநர் இதைப் புறப்படும் முன்பே கேட்டுவிடுகிறார். நெரிசல் இருந்தால், சுற்றிப் போகட்டுமா என்றும் கேட்கிறார். கேட்காமல் திருப்புவதும், கேட்டுவிட்டுத் திருப்புவதும் ஒரே சாலையில் நடந்தாலும் ஒன்றாகிவிடாது.

குறையின் வேர் கட்டண முறையில் இருக்கிறது. பதிவின்போது காட்டப்படும் தொகை இந்தச் செயலியில் ஒரு மதிப்பீடு மட்டுமே. ஓடிய தூரமும் எடுத்த நேரமும் கூடினால் இறுதித் தொகையும் கூடிவிடுகிறது, தூரம் ஏன் கூடியது என்று கணினி கேட்பதில்லை. ஆக, ஓட்டுநர் சுற்றினால் அதன் ஆதாயத்தில் அவருக்கும் பங்கு, நிறுவனத்துக்கும் பங்கு. இழப்பு வழி தெரியாதவருக்கு மட்டுமே. மத்திய அரசு 2020-இல் வெளியிட்ட செயலி வாகனங்களுக்கான வழிகாட்டு நெறிகள், செயலி காட்டும் பாதையிலிருந்து வண்டி விலகினால் கட்டுப்பாட்டு அறைக்குத் தகவல் போய், அங்கிருந்து உடனே ஓட்டுநரைத் தொடர்புகொள்ள வேண்டும் என்று கூறின. அன்று காலை சத்துவாச்சாரி வரை போய்த் திரும்பிய எங்களுக்கு அப்படி எந்த அழைப்பும் வரவில்லை. வண்டி எங்கே இருக்கிறது என்பதை நொடிக்கு நொடி அறிந்திருக்கும் ஒரு நிறுவனத்துக்கு, அது தவறான திசையில் போவது தெரியவில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இது வேலூருக்கு மட்டும் உரிய நோயன்று. கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் டாக்சிகளில் ஆய்வாளர்கள் ஆட்களை ஏற்றியனுப்பிச் சோதித்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஊருக்குப் புதியவர் என்று காட்டிக்கொண்டவர்களை ஓட்டுநர்கள் நீண்ட வழியில் அழைத்துப் போனார்கள். உள்ளூர்க் கட்டண விதிகளை அறியாத வெளிநாட்டவர் என்று தோன்றியவர்களிடம் கணக்கை ஏற்றி வாங்கினார்கள். வழி தெரியாமைக்கு ஒரு விலை, விலை தெரியாமைக்கு ஒரு விலை. வேலூரிலும் இந்த இரண்டும் தனித்தனியாக நடக்கின்றன. முதலாவது செயலி டாக்சியில், இரண்டாவது ஆட்டோவில்.

ஆட்டோவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் காட்பாடியில் இறங்குவோருக்கு மாற்று அதுதான். மீட்டர் போட்டு ஓடிய ஆட்டோவில் வேலூரில் ஏறியதாக எனக்கு நினைவில்லை. எல்லாம் பேசி முடிக்கும் தொகைதான். இந்தியும் வங்காளமும் ஓரளவு பேசும் ஓட்டுநர்கள் கேட்கும் முதல் தொகை மிகுதியாகவே இருக்கும். ஆனால் தொகை ஒருமுறை பேசி முடிந்துவிட்டால், சுற்றிப் போவதால் ஓட்டுநருக்குப் பெட்ரோல்தான் நட்டம் என்பதால், வண்டி நேர்வழியில் போகிறது. இங்கே தொல்லை வேறு உருவத்தில் வருகிறது. "அந்த லாட்ஜ் ஃபுல்லு, வேற நல்ல லாட்ஜ் இருக்கு" என்று சொல்லி, கமிஷன் தரும் விடுதி வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடுகிறார்கள். காந்தி சாலையையும் பாபு ராவ் தெருவையும் சுற்றி இருக்கும் விடுதிகளில் அறையை முன்கூட்டியே பதிவு செய்து, விடுதிக்காரரிடம் தொலைபேசியில் பேசிவிட்டு ஏறினால் இந்தப் பேச்சுக்கு இடமிருக்காது. பெட்டி அதிகம் இல்லாதவருக்கும் நடக்க முடிந்தவருக்கும், காட்பாடியிலிருந்து மருத்துவமனை வழியாகப் பாகாயம் போகும் 1, 2 எண் நகரப் பேருந்துகள் இருக்கின்றன. சாதாரணக் கட்டணப் பேருந்து என்றால் பெண்களுக்கு 2021 மே மாதம் முதல் கட்டணமே இல்லை. பேருந்து வழி மாறுவதில்லை.

இதே செயலியில் நான் மனநிறைவோடு இறங்கிய பயணமும் உண்டு. அதே பெற்றோர், சிகிச்சைக்கு இடையே ஓய்வு கிடைத்த ஒரு நாளில் ஸ்ரீபுரம் பொற்கோயிலைப் பார்க்க விரும்பினார்கள். வந்த ஓட்டுநர் இளைஞர். புறப்படும் முன்பே, "சார், கோயிலுக்குள்ள நட்சத்திரம் மாதிரி பாதை, ரொம்ப தூரம் நடக்கணும். பெரியவரால முடியுமா? வெயிட்டிங் எவ்ளோ ஆகும்னு இப்பவே சொல்லிடறேன்" என்று கேட்டார். தொரப்பாடி, அரியூர் வழியாக, கோயில் இருக்கும் திருமலைக்கோடிக்கு நேரே கொண்டுசேர்த்தார். திரும்பும்போது பட்டுக் கடை, தோல்பொருள் கடை என்று எங்கும் நிறுத்தவில்லை. பெரியவர் வண்டியில் ஏறும்போது, கேட்காமலேயே முன்இருக்கையைப் பின்னால் தள்ளிவைத்தார். ஐந்து நட்சத்திரமும் கொடுத்தேன், அதற்கு மேல் கொடுக்க இடமில்லை என்பதால். இப்படிப்பட்ட ஓட்டுநருக்கும் கிரீன் சர்க்கிளில் இடப்புறம் திருப்பியவருக்கும் செயலியின் திரையில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்தான் தெரிகிறது. ஏமாற்றப்பட்ட வெளியூர்க்காரர் தாம் ஏமாற்றப்பட்டதை அறியாமல் அவருக்கும் ஐந்து கொடுத்துவிட்டுப் போகிறார். நேர்மையானவரின் நற்பெயரையும் சேர்த்துத்தான் இந்த முறை தின்கிறது.

ஓட்டுநர்களின் பக்கத்தையும் கேட்டிருக்கிறேன். காட்பாடிக்கு வெறும் வண்டியாகப் போய்ச் சவாரிக்காகக் காத்திருக்கும் நேரத்துக்குக் காசில்லை. கார் கடன் தவணை, டீசல், நிறுவனத்தின் பிடித்தம் எல்லாம் போக மீதி சொற்பம். கட்டணத்தில் குறைந்தது 80 விழுக்காடு ஓட்டுநருக்குச் சேரவேண்டும் என்று மேற்சொன்ன 2020 நெறிகளே கூறியும், பிடித்தத்தைப் பற்றிய முறையீடு ஓயவில்லை. அவர்களுடைய கோரிக்கை நியாயமானது. அதை நிறுவனத்திடமிருந்து பெற அவர்கள் போராடினால் நான் உடன் நிற்பேன். ஊன்றுகோலோடு இறங்கும் ஒரு பெரியவரின் பையிலிருந்து அதை எடுக்கக் கூடாது.

முறையீட்டுக்கு வருகிறேன். செயலியில், ஓட்டுநர் தவறான வழியில் சென்றார் என்று குறிப்பிட ஒரு பகுதி இருக்கிறது. பயண ரசீதில் உள்ள வரைபடத்தையும், அந்த நேரத்தில் சாலை வெறிச்சோடியிருந்தது என்பதையும் எழுதி அனுப்பினோம். முதலில் அச்சடித்தாற்போன்ற ஒரு பதில் வந்தது. மீண்டும் எழுதிய பிறகு கூடுதல் தொகையில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தார்கள். அதுவும் கைக்கு வரவில்லை. அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் தள்ளுபடியாக, அதுவும் காலக்கெடுவோடு வந்தது. ஊருக்குத் திரும்பிவிடும் நோயாளிக்கு அதனால் என்ன பயன்? ரொக்கமாக வாங்கியதை ரொக்கமாகவே திருப்பித் தரவேண்டும்.

இதைப் படிக்கும் வெளியூர் அன்பர்களின் உறவினர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ எந்த ஊரிலிருந்தும் அழைக்கலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, புகார்தாரர் தாம் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்கைத் தொடுக்கலாம், அதற்காக வேலூருக்கு மீண்டும் வரவேண்டியதில்லை. இத்தகைய சிறு தொகைக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது. ரசீதையும் வரைபடத்தையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

என் மதிப்பெண் ஐந்துக்கு இரண்டு. அந்த இரண்டும் ஸ்ரீபுரத்துக்கு அழைத்துச் சென்ற இளைஞருக்காகவும், விடியற்காலையில் வண்டி கிடைப்பதற்காகவும். காட்பாடி நிலையத்திலிருந்து மருத்துவமனைக்கு என்று மாறாத ஒரு தொகையை நிறுவனம் அறிவித்து, வண்டி எப்படிச் சுற்றினாலும் அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட வாங்குவதில்லை என்று உறுதியளித்தால், அன்றைக்கே இந்த மதிப்புரையைத் திருத்தி எழுதுவேன். அதுவரை, வெளியூர் விருந்தினர்களைக் காட்பாடியில் நான் தொகை பேசி முடித்த ஆட்டோவில்தான் ஏற்றிவிடுகிறேன்.