அண்ணாச்சி கடையா, சூப்பர்மார்க்கெட்டா, ஆப்பா: மாத மளிகையை எங்கே வாங்கினால் கட்டுப்படியாகும்?

மதுரை அண்ணா நகர்ப் பக்கம் குடியிருக்கிறோம். வீட்டில் நான்கு பேர். மாதச் சாமான் வாங்க எனக்கு நாலைந்து வழி இருக்கிறது: தெருமுனை அண்ணாச்சி கடை, ஏ.சி. போட்ட சூப்பர்மார்க்கெட், கீழமாசி வீதி மொத்தக் கடை, போனில் ஆப், அப்புறம் ரேஷனும் உழவர் சந்தையும். எல்லாவற்றிலும் மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தாயிற்று. பொருளுக்குப் பொருள் விலையை வைத்துப் பார்த்தால் சூப்பர்மார்க்கெட் மலிவு. மாதக் கடைசியில் பில்லைக் கூட்டினால் அண்ணாச்சி மலிவு.

சூப்பர்மார்க்கெட்டைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோப்பு, துணி பவுடர், டீத்தூள், பற்பசை எல்லாம் எம்.ஆர்.பி.யைவிடக் குறைத்துத் தருகிறார்கள். வில்லன் அந்தத் தள்ளுவண்டிதான். அது பாதி காலியாக இருந்தால் ஏதோ மறந்துவிட்டோம் என்று மனசு சொல்லும். ஒரு முறை டீத்தூளும் உப்பும் வாங்கப் போய், நூடுல்ஸ், ஊறுகாய், இரண்டு டப்பர்வேர் மாதிரி டப்பா என்று தூக்கிக்கொண்டு வந்தேன். உப்பு மட்டும் வரவில்லை.

அங்கே கண்ணை வைக்க வேண்டிய இடம் இன்னொன்று, எடை. ஒரு லிட்டர் சமையல் எண்ணெய் சுமார் 910 கிராம். அதற்குப் பக்கத்திலேயே, கிட்டத்தட்ட அதே உயரத்தில், 800 கிராம் கவரும் நிற்கும். உதாரணத்துக்கு, 910 கிராம் 150 ரூபாய், 800 கிராம் 138 ரூபாய் என்று வையுங்கள். கை தானாக 138க்குப் போகும். ஆனால் அந்தக் கணக்கில் 910 கிராமுக்கு 157 ரூபாய் ஆகிறது. கவரின் பின்பக்கம் ஒரு கிராமுக்கு இவ்வளவு என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட் என்றால் கிலோ கணக்கில் இருக்கும். நான் போன் டார்ச்சை அடித்துப் பார்த்துத்தான் எடுக்கிறேன். பெரிய பாக்கெட் என்றால் மலிவு என்ற நம்பிக்கையும் பல தடவை பொய்த்திருக்கிறது.

அண்ணாச்சி கடையில் நமக்கும் சாமானுக்கும் நடுவே ஒரு மேஜை இருக்கிறது. மிச்சமாகும் பணத்தில் பாதி அந்த மேஜையால்தான். சிட்டையை நீட்டினால் பையன் எடுத்து வைக்க, அண்ணாச்சி ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டே வருவார். சிட்டையில் இல்லாததை நான் தொடவே முடியாது. கசகசா 20 கிராம், பட்டை பத்து ரூபாய்க்கு என்று கேட்டால் முகம் சுளிக்காமல் மடித்துத் தருவார். பாக்கெட்டில் 100 கிராம் கசகசா வாங்கினால் எங்கள் வீட்டில் அடுத்த தீபாவளிவரை கிடக்கும். “உளுந்து இந்தத் தடவை சுமார்தாம்மா, அரைக் கிலோ போதும், அடுத்த வாரம் புதுசு வருது” என்று எந்த ஆப்பும் எனக்குச் சொன்னதில்லை. சம்பளம் தள்ளிப்போனால் நோட்டில் எழுதிக்கொள்வார். குறை என்றால், பிஸ்கட்டும் சோப்பும் அச்சிட்ட விலைதான், ஒரு ரூபாய் குறையாது.

லூசாக எடை போட்டு வாங்குவதில் வரிக் கணக்கும் உண்டு. 2022 ஜூலை 18 முதல், பாக்கெட்டில் அடைத்து லேபிள் ஒட்டிய அரிசி, பருப்புக்கு 25 கிலோ வரை 5 சதவீதம் ஜி.எஸ்.டி. மூட்டையைப் பிரித்து நிறுத்துத் தருவதற்கு அது கிடையாது. அரிசிக் கடைகளில் திடீரென்று 26 கிலோ மூட்டை முளைத்தது இதனால்தான்.

கீழமாசி வீதியில் விலை இன்னும் இறங்கும், அளவு ஏறும். பத்து கிலோ துவரம் பருப்பு வாங்கிப் பெருமையாக இறக்கினேன். மூன்றாம் மாதம் டப்பாவைத் திறந்தால் வண்டு. மொட்டை மாடியில் காய வைத்து, புடைத்து, காய்ந்த மிளகாயும் வேப்பிலையும் போட்டு மிச்சத்தைக் காப்பாற்றினேன். ஆட்டோக் கூலியையும் சேர்த்தால் லாபம் போன இடம் தெரியவில்லை. இரண்டு மூன்று வீடு சேர்ந்து பங்கு போட்டுக்கொள்வதாக இருந்தால் மட்டும் அங்கே போகலாம். தனி வீட்டுக்கு வேண்டாம்.

ஆப்பைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. டெலிவரிக் கட்டணத்தைத் தவிர்க்க இன்னும் 60 ரூபாய்க்குச் சேருங்கள் என்று சொல்லும், நாமும் சிப்ஸைச் சேர்ப்போம். காய்ச்சல் நாளுக்கு உதவும்.

ரேஷனை விடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆச்சரியம். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய். வெளியே துவரம் பருப்பு நூறைத் தாண்டி நிற்கிறது. அரிசி அட்டை என்றால் 2011 ஜூனிலிருந்து அரிசிக்குக் காசே இல்லை. சோறாக்கப் பிடிக்காவிட்டால் இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து ஊறப் போடுங்கள், வித்தியாசம் தெரியாது. ஒரே தொல்லை, பருப்பும் எண்ணெயும் எந்த நாளில் வரும் என்று விசாரித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

காய்கறிக்கு உழவர் சந்தைதான். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தையே 1999 நவம்பர் 14 அன்று எங்கள் அண்ணா நகரில் திறந்ததுதான், அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் உண்டு. அன்றாட விலையைப் பலகையில் எழுதிப் போடுவார்கள், மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் நடுவில் இருக்கும். தூரத்தில் இருக்கிற பெண்களுக்கும் சாதாரண டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்பதால் போய்வரும் செலவு கிடையாது. ஆனால் விடியற்காலையில் எழ வேண்டும். ஒன்பது மணிக்குப் போய் நின்றால் முற்றிய வெண்டையும் சுரைக்காயும்தான் மிச்சம். நுனியை ஒடித்துப் பார்த்து வெண்டைக்காய் பொறுக்க வேண்டுமானால் ஏழு மணிக்குள் அங்கே இருக்க வேண்டும்.