எஸ்.பி. ரோடு 1 கிலோவாட் சோலார் கிட்: தீவுப் பள்ளிக்குத் தாங்குமா?

335 வாட் பேனல் மூன்று, 25.6 வோல்ட் 100 ஆம்பியர்-அவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி, பேனல் மின்சாரத்தால் அதைச் சார்ஜ் செய்யும் எம்பிபிடி கண்ட்ரோலர், 1 கேவிஏ சைன்வேவ் இன்வெர்ட்டர், ஸ்டாண்டு, ஒயர். பெங்களூரின் எலெக்ட்ரானிக்ஸ் கடைவீதியான எஸ்.பி. ரோட்டில் இதை ஒரே செட்டாகக் கட்டித் தருகிறார்கள். 2017 ஒக்கிப் புயல் மினிக்காய், கல்பேனி பக்கம் அடித்ததுபோல இன்னொன்று அடித்தால், தன்னார்வலர்கள் லட்சத்தீவுப் பள்ளிக்கு ஏற்றிப் போக நினைப்பதும் இந்த மாதிரி கிட்டைத்தான். மின்சாரச் சாமான் பரவாயில்லை. ஸ்டாண்டு, போல்ட் மாதிரி இரும்புச் சாமான் பெங்களூர் ராஜாஜிநகர் மொட்டை மாடிக்குத்தான் லாயக்கு.

முதலில் கணக்கு. நான்கு வகுப்பறை, அறைக்கு 28 வாட் பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடுவது) இரண்டு, 20 வாட் டியூப்லைட் இரண்டு. ஃபேன் 6 மணி நேரம், லைட் 3 மணி நேரம், கூடவே லேப்டாப், செல்போன் சார்ஜ் என்றால் நாளைக்குச் சுமார் 2 யூனிட். நல்ல வெயிலில் மூன்று பேனலும் சேர்ந்து 3 யூனிட் வரை தரும். தென்மேற்குப் பருவமழையில் அது பாதியாகலாம்; அப்போது ஃபேனைப் பாதி நேரம் நிறுத்தியே ஆகவேண்டும். புயலுக்குப் பிறகு பள்ளிக்கூடமே முகாமாகிவிடும் என்பதால், இருபது போன் சார்ஜ் செய்ய இன்னொரு 300 வாட்-அவர் ஒதுக்குங்கள். பழைய 75 வாட் ஃபேன்களை அப்படியே இதில் மாட்டினால் எல்லாக் கணக்கும் கவிழும்.

கண்ட்ரோலரில் ஒரு பொறி இருக்கிறது. சில செட்டில் 100 வோல்ட் வரை தாங்குவதை வைத்துவிடுகிறார்கள். ஒரு பேனலின் ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (எதிலும் இணைக்காதபோது வருவது) சுமார் 46. மூன்றையும் சீரிஸில், ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டினால் 138. முதல் நாளே கண்ட்ரோலர் காலி. 150 வோல்ட், 40 ஆம்பியர் என்று கேட்டு வாங்குங்கள். பேட்டரியை முதலில், பேனலைக் கடைசியாக இணைக்க வேண்டும். கழற்றும்போது பேனல் முதலில். செட்டிங் பெரும்பாலும் லெட்-ஆசிட் பேட்டரிக்கு இருக்கும். சார்ஜ் வோல்டேஜை 28.4 வோல்ட்டுக்கு மாற்றி, லெட்-ஆசிட்டுக்கு மட்டுமே தேவையான ஈக்வலைஸ் என்ற கூடுதல் சார்ஜை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் என்ற பாதுகாப்பு சர்க்யூட் அடிக்கடி துண்டித்துக்கொள்ளும். பேட்டரி கெட்டுவிட்டதென்று வாத்தியார்கள் நினைப்பார்கள்.

இனி உப்புக்காற்று. கிட்டோடு வரும் ஸ்டாண்டு, கால்வனைஸ் செய்த (துத்தநாகம் பூசிய) தகட்டை வெட்டித் துளை போட்டது. வெட்டிய ஓரத்திலும் துளையிலும் துத்தநாகம் கிடையாது, துரு அங்கேதான் தொடங்கும். வெட்டி, துளையிட்ட பிறகு ஹாட்-டிப் செய்த, அதாவது உருகிய துத்தநாகத்தில் முக்கியெடுத்த ஸ்டாண்டுதான் வேண்டும், பெங்களூரிலேயே எஸ்.ஜே.பி. ரோடு பக்கம் விசாரித்துத் தனியாகச் செய்யச் சொல்லுங்கள். போல்ட் 'எஸ்எஸ்' (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்றால் 304 ரகம் கொடுப்பார்கள், கடலோரத்துக்கு 316 ரகம் வேண்டும். அலுமினிய ஃப்ரேமும் இரும்பும் நேராகத் தொட்டால் ஈரத்தில் அலுமினியம் அரிக்கும், நடுவில் ரப்பர் வாஷர் போடுங்கள். பேனலுக்கு ஐஇசி 61701 உப்புப்பனிச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். காகிதத்தைக் காட்டாத கடையில் பேனல் வாங்க வேண்டாம். சாய்வு 10 டிகிரி போதும், மழையே கழுவிவிடும். தென்னைக்கு அடியில் மட்டும் வைக்காதீர்கள்: நிழல் ஒரு பக்கம், தேங்காய் இன்னொரு பக்கம்.

பேனல் ஒயர்களை இணைக்கும் எம்சி4 கனெக்டரில் இரண்டு பிராண்டைக் கலந்து மாட்டினால் தொடுமிடம் சூடாகி உருகும். ஒயர் முனையைக் குறடால் நசுக்காமல் அதற்குரிய கிரிம்பரையே வாங்கிப் போங்கள். டிசி பெட்டியைத் திறந்து பாருங்கள். விலை குறைந்த செட்டில் ஏசி எம்சிபி (வீட்டு மின்சாரத்துக்கான தானியங்கி சுவிட்ச்) உட்கார்ந்திருக்கலாம். டிசி ஆர்க்கை, அதாவது துண்டிக்கும்போது எழும் தீப்பொறியை அதனால் அணைக்க முடியாது, தீப்பிடிக்கும். பேட்டரி பாசிட்டிவ் அருகில் ஃப்யூஸ் கட்டாயம்.

லித்தியம் பேட்டரி ஆபத்தான சரக்கு, 9-ஆம் வகுப்பு. யுஎன் 38.3 என்ற பேட்டரிப் பாதுகாப்புச் சோதனை அறிக்கையும் எம்எஸ்டிஎஸ் என்ற பொருள் பாதுகாப்புத் தாளும் இல்லாமல் கப்பலில் ஏற்றுவது கஷ்டம். பில் போடும்போதே இரண்டையும் வாங்கிவிடுங்கள், பிறகு போனில் துரத்தினால் கிடைக்காது. மங்களூர் பழைய துறைமுகத்திலிருந்து போகும் சரக்குப் படகுகள் மழைக்காலத்தில் ஓடுவதில்லை. லட்சத்தீவுக்குள் நுழைய உங்களுக்கும் அனுமதிச் சீட்டு வேண்டும்.

கடைச் சேவையைக் குறை சொல்ல முடியாது. தமிழிலேயே பேரம் பேசலாம், கேட்டால் லோடு போட்டு ஓட்டிக் காட்டுகிறார்கள். வாரண்டி மட்டும் 'கடைக்குக் கொண்டுவந்தால்' என்ற கணக்கு. கெட்டுப்போன கண்ட்ரோலரைத் தீவிலிருந்து திருப்பி அனுப்பி வாங்குவதற்குள் பள்ளி ஆண்டே முடிந்துவிடும். கூடுதல் வாரண்டிக்குக் கேட்கும் பணத்தில் இன்னொரு கண்ட்ரோலரும் பத்து ஃப்யூஸும் வாங்கிப் பெட்டியிலேயே போட்டு அனுப்புங்கள்.