மார்ஜின் பணம் என்று கையில் கேட்டால் கொடுக்காதீர்கள்: சென்னிமலைப் பக்கம் எங்களுக்கு நடந்தது

ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் மகளிர் குழுவில் இருக்கிற பெண்கள் இதைக் கடைசி வரை படியுங்கள். இலவசத் தையல் பயிற்சி, மானியக் கடன், பயிற்சி முடிந்ததும் பனியன் கம்பெனியில் வேலை என்று சொல்லிக்கொண்டு உங்கள் ஊருக்கும் ஒருவர் வரலாம். எங்கள் ஊரில் 27 பேரிடம் அவர் வாங்கிப் போனது 2,87,500 ரூபாய். அதில் என் பணம் 14,500. இன்றைக்கு வரை ஒரு ரூபாய்கூடத் திரும்பி வரவில்லை.

சென்னிமலைக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. வீட்டுக்காரர் பதினாறு வருஷம் விசைத்தறி ஓட்டினவர். 2024 சித்திரையில் பட்டறை முதலாளி, நூல் விலைக்கும் கரண்ட் பில்லுக்கும் கட்டவில்லை என்று எட்டுத் தறியையும் பழைய இரும்புக்கு எடை போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் கடன்பட்டவர்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள், மாமியார். நான் நூறு நாள் வேலைக்குப் போவேன். அது இல்லாத நாளில் பெட்சீட்டுக்கு ஓரம் முடிச்சுப் போட்டுக் கொடுப்பேன். அந்தக் காசில் அரிசியும் பால் கணக்கும் ஓடும், பள்ளிக்கூடச் செலவு ஓடாது.

ஆடி மாதம் அந்த ஆள் வந்தார். எங்கள் குழு ஊக்குநர் அக்காதான் கூட்டி வந்தார். அந்த அக்கா மேல் எனக்குக் கோபமில்லை, அவரும் 14,500 கட்டி ஏமாந்தவர். கழுத்தில் அரசு முத்திரை போட்ட அட்டை, கையில் இன்டர்நெட் பார்க்கிற டேப். மாரியம்மன் கோயில் திண்ணையில் உட்கார்ந்து, “கவர்மெண்ட் குடுக்கறத வாங்கறதுக்கு நம்மாளுகளுக்குத்தானுங்க்கா தெரியறதில்லை” என்று ஆரம்பித்தார். நம் பேச்சு, நம் பக்கத்து ஆள். அதிலேயே பாதி நம்பிவிட்டோம்.

மாமியார் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. “திட்டம்னு சொல்லித்தான ஒருக்கா ஒருத்தன் புள்ளைகளக் கூட்டிட்டுப் போனான், மறந்து போச்சா கண்ணு?” என்று கேட்டார். அவர் சொன்னது சுமங்கலித் திட்டம். மூன்று வருஷம் மில் ஹாஸ்டலில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகப் பணம் என்று சொல்லி, வயசுப் பெண்களை நூற்பாலைகளுக்குக் கூட்டிப் போன காலம் ஒன்று எங்கள் பக்கம் இருந்தது. என் சித்தி மகள் போனாள். இரண்டரை வருஷத்தில் உடம்பு முடியாமல் வந்தாள், வருஷக் கணக்கு முடியவில்லை என்று மொத்தப் பணத்தைக் கொடுக்கவே இல்லை. அதைக் கண்ணால் பார்த்தவர் மாமியார். நான்தான், “அது மில்காரங்க வெச்ச பேருங்க அத்தை, இது நிஜமாவே அரசாங்கத்தோடது” என்று அவர் வாயை அடைத்தேன்.

நான் ஏன் அவ்வளவு உறுதியாக நம்பினேன் என்றால், அந்த ஆள் காட்டியது பொய்த் திட்டமே இல்லை. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் என்று 2008 முதல் ஒன்று உண்டு. அதன் விதிகளை அரசு இணையதளத்திலேயே திறந்து, பத்தாவது படிக்கும் என் மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். கிராமத்துப் பெண்ணுக்கு 35 சதவீதம் மானியம், சொந்தப் பங்கு 5 சதவீதம் போட்டால் போதும் என்று அவள் வாசித்தாள். “ரெண்டு லட்சத்துக்குத் தையல் யூனிட்டுங்க்கா. மானியம் எழுபதாயிரம். நீங்க போட வேண்டிய மார்ஜின் பத்தாயிரம்தான். நானா சொல்லல, பாப்பாதான படிச்சுது?” என்றார்.

திட்ட விதிப்படி அந்த 5 சதவீதம் நிஜம். ஆனால் அதை யாருடைய கையிலும் கொடுக்கக் கூடாது. வங்கி கடன் கொடுக்கச் சம்மதித்த பிறகு, நம் பெயரில் உள்ள கணக்கில் நாமே போட வேண்டிய பணம் அது. இந்த ஒரு வரி அன்றைக்குத் தெரிந்திருந்தால் 19 பேரின் 1,90,000 ரூபாய் தப்பியிருக்கும்.

முதலில் பதிவுக்கு 1,500. அதைப் பால் பணத்தில் கொடுத்தேன். அப்புறம் திட்ட அறிக்கை தயாரிக்க 3,000. அதற்குத் தோட்டை அடகு வைத்தேன். மார்ஜின் பத்தாயிரத்துக்கு வாரத் தவணைக் கம்பெனியில் கடன் வாங்கினேன். அந்தத் தவணை செவ்வாய்க்கிழமை தோறும் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன். எட்டுப் பேர் 1,500-உடன் நின்றுகொண்டார்கள். அவர்களைப் பயந்தாங்கொள்ளிகள் என்று நாங்கள் பேசினோம். இப்போது அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருக்கிறது.

பயிற்சி 45 நாள் என்றார், நடந்தது 11 நாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மாடி, 27 பேருக்கு நாலு மிஷின், அதுவும் வீட்டில் வைத்திருக்கும் கால் மிஷின். பனியன் கம்பெனியில் ஓடுகிற பவர் மிஷினோ, ஓவர்லாக், பேட்லாக்கோ கண்ணிலேயே காட்டவில்லை. நியூஸ் பேப்பரில் நேர்கோடு தைத்தோம். பேனர் பிடித்து ஃபோட்டோ எடுத்தார்கள். கடைசி நாள் லேமினேட் செய்த சான்றிதழ் கொடுத்தார்கள். அதிலும் அந்த முத்திரை இருந்தது.

நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, மானியம் ஏறப் புதுக் கணக்கு வேண்டும் என்று ஒரு பையனைக் கூட்டி வந்தார். கைரேகை வைத்தோம், பத்து நிமிஷத்தில் கணக்கு. புது சிம்மும் அவர்களே போட்டார்கள். ஏ.டி.எம். கார்டும் சிம்மும் ஆபீசில் இருக்கட்டும், மானியம் வந்ததும் தருகிறோம் என்றார்கள். பணம் இல்லாத கணக்கின் கார்டை வைத்துக்கொண்டு என்ன செய்துவிடப் போகிறார்கள் என்றுதான் நினைத்தோம்.

வேலை வாங்கித் தந்தாரா என்றால், 11 பேரை வேனில் திருப்பூருக்குக் கூட்டிப் போனார். கம்பெனியில் எங்களுக்குக் கொடுத்தது பிசிறு வெட்டுகிற வேலை. வேலையைக் கேவலமாகச் சொல்லவில்லை, சூப்பர்வைசரும் நல்ல மனுஷன். அவர்தான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேட்டார், “ஏம்மா, கேட்டுல போர்டு தொங்குதே, நேரா வந்தாலே சேத்துக்குவமே, அவனுக்கு எதுக்குப் பணம் கட்டுனீங்க?” என்று. எங்களைக் கொண்டுவந்து விட்டதற்குத் தலைக்கு இவ்வளவு என்று கம்பெனியிடமும் அந்த ஆள் கமிஷன் வாங்கியிருக்கிறார். சிங்கர் டெய்லர், செக்கிங், கைமடி, ஹெல்ப்பர் வேண்டும் என்று திருப்பூரில் எத்தனையோ கம்பெனி வாசலில் போர்டு தொங்குகிறது. அந்த ஊரில் வேலைக்குச் சேரப் பணம் கட்டினவர்கள் நாங்களாகத்தான் இருப்போம் என்று நினைத்து, வேனில் திரும்பும்போது ஒருத்தரும் பேசவில்லை.

இதற்கு மேல் ஒன்று நடந்தது. ஐப்பசியில் என் நூறு நாள் சம்பளம் வரவில்லை. பணித்தளப் பொறுப்பாளரைக் கேட்டால் ஏறிவிட்டது என்கிறார், என் பாஸ்புக்கிலோ இல்லை. மூன்று தடவை அலைந்த பிறகு பழைய வங்கியில் ஒரு அம்மா பொறுமையாகப் பார்த்துச் சொன்னார். இப்போது அந்தச் சம்பளம் ஆதார் வழியாக வருகிறது, கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தோமோ அங்கேதான் போகும். கைரேகை வைத்து ஆரம்பித்த அந்தப் புதுக் கணக்கில் என் ஆறு நாள் கூலி விழுந்திருக்கிறது. கார்டோ அந்த ஆளிடம்.

புதுக் கணக்கு இருந்த வங்கிக்குப் போனால், அதை முடக்கி வைத்திருந்தார்கள். மூன்று நாளில் நாலு லட்சத்துக்கு மேல் என் பெயரில் வந்து போயிருக்கிறது. வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிய பணம், அங்கத்திய போலீஸ் கேட்டதன் பேரில் முடக்கியிருக்கிறோம் என்றார்கள். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். ஏமாந்தவளான நான் அந்தக் காகிதத்தில் ஏமாற்றினவளாக இருந்தேன். எங்களில் 9 பேருக்கு இதே கதை. பணம் போனதைவிட இதைத்தான் நான் பெரிதாகச் சொல்வேன். கார்டையும் சிம்மையும் பாஸ்புக்கையும் எந்த நல்ல காரியத்துக்கென்றாலும் இன்னொருவரிடம் விட்டுவைக்காதீர்கள். விட்டிருந்தால் இன்றைக்கே வங்கிக்குப் போய், எழுத்தில் கொடுத்துக் கணக்கை முடியுங்கள். ஆதாரைப் பழைய கணக்கோடு திரும்ப இணைக்கச் சொல்லுங்கள். 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லிவையுங்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் ரசீதை நீட்டினோம். அதில் எங்கேயும் மார்ஜின் என்றோ பயிற்சிக் கட்டணம் என்றோ இல்லை. எல்லாவற்றிலும் ‘நன்கொடை’ என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறார். “நீங்களா விரும்பிக் கொடுத்த நன்கொடைன்னுல்ல இருக்குது?” என்றார்கள். புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கிடைத்தது. அந்த ஆளின் ஃபோன் தீபாவளிக்கு முந்தியே அணைந்துவிட்டது.

அப்புறம் ஈரோட்டில் மாவட்டத் தொழில் மையத்துக்கு நாங்கள் ஐந்து பேர் போனோம். முதலிலேயே அங்கே போயிருக்க வேண்டும். ஆபீஸ் என்றால் நமக்கு ஒரு பயம், என்ன பேசுவது, யாரைப் பார்ப்பது என்று. அந்தப் பயத்தை வைத்துத்தான் இடையில் ஒருவன் பிழைக்கிறான். அங்கே இருந்த அலுவலர் உட்காரச் சொல்லித் தெளிவாகச் சொன்னார். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. மானியம் நம் கைக்கு வருகிற பணமே இல்லை, வங்கியில் மூன்று வருஷம் நம் பெயரில் வைப்பாக இருந்து, யூனிட் நடந்தால் கடனில் கழியும். வங்கி வேண்டாம் என்று சொல்லவும் வாய்ப்பு உண்டு, இத்தனாம் தேதி கடன் நிச்சயம் என்று யாராலும் சொல்ல முடியாது. இதே மாதிரி மாநில அரசின் திட்டம் ஒன்றும் உண்டு, எட்டாவது முடித்தவர்களுக்கு, 25 சதவீத மானியம்.

எங்களில் ஒரு தங்கச்சிக்கு வீட்டுக்காரர் இல்லை. அவளிடம் இலவச மிஷின் வாங்கித் தருகிறேன் என்றே அந்த ஆள் பேசியிருக்கிறார். கணவனை இழந்தவர்களுக்கும் கைவிடப்பட்டவர்களுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் சமூக நலத்துறையே தையல் மிஷின் கொடுக்கிறது. 20 முதல் 40 வயது, அவளுக்கு 31. கேட்க வேண்டிய இடம் மாவட்டச் சமூக நல அலுவலகம். இப்போது அவள் அங்கே மனு கொடுத்திருக்கிறாள்.

நிஜமான பயிற்சி எப்படி இருக்கும் என்பதையும் பார்த்துவிட்டேன். கொல்லம்பாளையத்தில் கனரா வங்கியின் கிராமப்புற சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் இருக்கிறது. தை மாதம் அங்கே சேர்ந்தேன். ஒரு மாதம் பயிற்சி, மதியச் சாப்பாடு, டீ எல்லாம் அவர்களே கொடுத்தார்கள். பத்துப் பைசா வாங்கவில்லை. பெல்ட் மாட்டுவதிலிருந்து கழுத்துப் பட்டி வைப்பது வரைக்கும் கை பிடித்துச் சொல்லிக் கொடுத்தார்கள். இப்போது ஊரிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். வீட்டுக்காரர் பெருந்துறை சிப்காட்டுக்குப் போய் வருகிறார். தோடு இன்னும் அடகில்தான் இருக்கிறது. கணக்கு முடக்கம் நீங்காததால் என் கடன் விண்ணப்பமும் வங்கியில் அப்படியே நிற்கிறது.

அந்த ஆள் இப்போது வெள்ளகோவில், காங்கேயம் பக்கம் வேறு போர்டு மாட்டியிருப்பதாக உறவுக்காரர் சொன்னார். அந்தப் பக்கம் யாராவது பணம் கட்டியிருந்தால், நன்கொடை என்று போட்ட அந்த ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். அந்த ஒரே சொல் எல்லா ஊர் ரசீதிலும் இருந்தால், அதை வைத்தே இது நன்கொடை இல்லை என்று காட்ட முடியும் என்கிறார் எங்களுக்கு மனு எழுதிக் கொடுத்த வக்கீல். உங்களுக்குத் திருப்பூர் கலெக்டர் ஆபீஸ், எங்களுக்கு ஈரோடு. இரண்டிலும் திங்கட்கிழமை காலையில் குறைதீர் கூட்டம். எங்கள் 27 ரசீதையும் நகல் எடுத்து வைத்திருக்கிறோம். வருகிற திங்கட்கிழமை மறுபடி போகிறோம், இந்தத் தடவை மாமியாரும் வருகிறார்.